வாசனைக்கு எண் இல்லை

1

இந்தக் கதையை நான் அலுவலகத்திலிருந்து எடுத்து வந்தேன். பேனா, குண்டூசி, ஒருபக்கம் மட்டும் அச்சான தாள் என்று ஊழியர்கள் கமுக்கமாக வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குண்டூசியை எடுக்கும்போது மனசு உறுத்தாது. குண்டூசி விஷயத்தில் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் வேலை கேள்வி கேட்பது. பள்ளிகளுக்குப் போய், பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் புகைபிடிப்பதைப் பற்றிய படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பி வாங்குவோம். முப்பத்தொரு கேள்விகள். பெயர் எழுத வேண்டாம். எழுதி முடித்ததும் பிள்ளையே அதை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டிக்குள் போட வேண்டும். ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு வாக்கியத்தைச் சத்தமாகப் படிப்போம்: ‘நீங்கள் எழுதுவதை உங்கள் ஆசிரியரோ, பெற்றோரோ, உங்களை அறிந்த வேறு எவரோ பார்க்க மாட்டார்கள்.’

அந்த வாக்கியத்தைப் பதினோரு வருடங்களுக்கு முன்னால் எழுதிக்கொடுத்தவள் டிக் அக்கா. அவளைப் பற்றியதுதான் இது. படிவங்கள் சரியாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, பச்சைப் பேனாவால் மூலையில் டிக் போடுவது அவள் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். அவள் டிக் போட்ட பிறகு படிவம் என் மேஜைக்கு வரும். பிள்ளைகள் சொந்தமாக எழுதிய பதில்களைப் படித்து அவற்றை எண்களாக மாற்றுவது என் பிழைப்பு. ‘ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டாங்க’ என்றால் 1. ‘எப்படி இருக்கும்னு பார்க்க’ என்றால் 2. ‘ஸ்டைலுக்கு’ என்றால் 3. இப்படி ஏழு வரைக்கும். எதிலும் அடங்காதது 9, ‘மற்றவை’. எட்டு காலியாக இருந்தது. அந்த எட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் அந்த உறையைப் பிரித்தபோது, விதி

விதி என்ற சொல் வந்ததும் நிறுத்திவிட்டேன். மழையும் பெய்யவில்லை. மண்டை காயும் வெயில். மின்விசிறிக் காற்றில் படிவங்கள் பறக்காமலிருக்க ஆளாளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் தாள்மேல் வைத்திருந்தோம்.

அடுத்தது:

‘பதின்பருவத்தினரிடையே புகைப்பழக்கம் கவலைக்குரிய அளவில்

இது எங்கள் வருடாந்தர அறிக்கையின் முதல் வரி. கை தானாக எழுதிவிட்டது.

மூன்றாவது:

‘டிக் அக்காவின் பச்சைப் பேனா பாதியில் நின்றது.’

இது நடந்தது. என் மேஜையிலிருந்து பார்த்தேன். இதையே வைத்துக்கொள்கிறேன்.

காலை பதினொன்றே கால் இருக்கும். இருபத்தேழாம் எண் பெட்டி. எந்தப் பெட்டி எந்தப் பள்ளி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் இயக்குநர் அறையில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். அவள் நிமிடத்துக்கு ஒரு படிவம் என்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஒரு டிக் பாதியில், கீழே இறங்கி மேலே ஏற வேண்டிய இடத்தில், நின்றது. கோடு கொக்கியாக மாறவேயில்லை.

பிறகு எழுந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எப்போதும் ஐம்பது ஐம்பதாகக் கட்டித்தான் கொண்டுவருவாள். ஒற்றைத் தாளோடு வந்தது அன்றுதான்.

“இதுக்கு என்ன நம்பர் போடுவே?”

ஒன்பதாம் கேள்வி: முதல் முறை ஏன் புகைத்தீர்கள்? அங்கே எழுதியிருந்தது:

‘அப்பா வாசனைக்காக. அப்பா இப்ப இல்ல.’

“ஒம்பதுதான் போடணும்க்கா. மற்றவை” என்றேன்.

“வேற எதுலயும் சேராதா?”

“சேராதே.”

“நல்லாப் பாரு.”

நல்லாப் பார்த்தேன். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அடுத்த கேள்விகளையும் படித்தேன். இப்போது ஒரு நாளைக்கு எத்தனை? மூன்று. தொடர்வதற்குக் காரணம்?

‘இப்ப வாசனையே தெரியல. ஆனா விட முடியல.’

தாளின்மேல் அவள் விரல் இருந்தது. ‘ண’ வரும் இடங்களில் கடைசிச் சுழி கோட்டுக்குக் கீழே இறங்கி வால்போல நீண்டிருந்தது. அந்த வாலை அவள் விரலால் மெல்ல மூடினாள்.

“ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், வாலை இழுக்காதேன்னு” என்றாள்.

(அது ‘ண’ அல்ல. எந்த எழுத்து என்று சொல்ல மாட்டேன். பெட்டி எண்ணையும் மாற்றியிருக்கிறேன். வாக்கை மீறுகிறவர்களுக்கும் ஏதாவது ஒரு மரியாதை வேண்டும் அல்லவா?)

3

அவள் கணவரைப் பற்றி இரண்டு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நான் பார்க்காத மனிதர். எழுத எழுத ரொம்ப நல்லவராகிக்கொண்டே போனார். இறந்தவர்களை எழுதும்போது இந்தத் தொல்லை உண்டு.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் இருக்கிற சின்ன அறையில் பாதி வாழ்க்கை. பதினேழு வயதில் பிடிக்க ஆரம்பித்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சிகரெட்டும் கிரீஸும் கலந்த வாடை அவருக்கு முன்னால் உள்ளே வரும். “லிஃப்ட் வந்தாச்சு” என்பாளாம் மகள், கதவு தட்டும் முன்பே. நாற்பத்து மூன்றாம் வயதில் ஒரு மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ‘இத்தனை வருஷம் பிடிச்சதோட பலன்’ என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது நடந்து இரண்டு வருடமாகிறது. அப்போது மகளுக்குப் பதின்மூன்று.

மகளை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை அலுவலகத்துக்குச் சாவி வாங்க வந்தாள். ஒல்லி. அம்மாவைப் போலவே தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பேசுவாள். “ஆன்ட்டி, நீங்க கதை எழுதுவீங்களாமே. முடிவு முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். பொய்.

4

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கை தூக்குவார். தூக்க வேண்டும். நானே தூக்கினேன்.

வருடத்துக்கு நாலாயிரம் படிவம் பார்க்கிறவள். எந்த வயதில், எந்தச் சந்தில், எந்தக் கடையில், ஒற்றையாகவா பாக்கெட்டாகவா என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள். தன் வீட்டில், தன் மகள் மேல் அடிக்கிற வாடை அவளுக்குத் தெரியாமல் போகுமா? இந்தப் பாத்திரத்தை எப்படி நம்புவது?

நான் நம்பவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவளிடமே கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

“வாசனை வரலைன்னு யாரு சொன்னா? வந்துச்சு.”

“அப்புறம்?”

“ரெண்டு வருஷமா வந்துக்கிட்டுதான் இருக்கு. குளியலறையில, துணி காயப்போடற எடத்துல, சில சமயம் அவ ரூம் வாசல்ல. வரும், போயிடும்.” கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். “அவரு ஞாபகத்துலதான் அப்படி வருதுன்னு நெனச்சேன்டி. இல்லாத வாசனை, எனக்கு மட்டும் வருதுன்னு. யார்கிட்டயாவது சொன்னா டாக்டர்கிட்ட போன்னு சொல்லுவாங்கன்னு வாயே தொறக்கல.”

நான் என் டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

“வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப, இன்னிக்கு வருமான்னு இருக்கும். வந்தா அப்படியே நின்னுடுவேன். சந்தோஷமா இருக்கும்.” பிறகு ரொம்ப மெதுவாக, “எம்பொண்ணு பொகையில மூச்சு அடைச்சுக்கிட்டு இருந்திருக்கா. நான் சந்தோஷமா நின்னுருக்கேன்” என்றாள்.

இதற்குப் பிறகு அவளை நம்பாமல் இருக்க எனக்கு வழியில்லை. கற்பனையில் இதை நான் எழுதியிருக்க முடியாது. அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது.

(ஒரு தகவல். நான் சிகரெட்டை விட்டு ஆறு வருடம் நான்கு மாதம் ஆகிறது. விட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான், மாதம்வரை சொல்வார்கள். முழுசாக விடவில்லை என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். இந்தப் பகுதியை எழுதும்போது இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன். கீழே பெட்டிக்கடையில் யாரோ பற்றவைத்தார்கள். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.)

5

அந்த எட்டு.

புதிதாக ஓர் எண் கொடுக்க எங்கள் அலுவலகத்தில் விதி உண்டு. ஒரே மாதிரியான பதில் குறைந்தது பத்துப் பிள்ளைகளாவது எழுதியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை எழுதினால் அது விதிவிலக்கு. பத்துப் பேர் எழுதினால் அது காரணம்.

“தேடலாமா?” என்றாள் அக்கா.

வந்திருந்த நாலாயிரத்துச் சொச்சம் படிவங்களில் ‘மற்றவை’ மட்டும் முந்நூற்று எண்பது. நான் ஏற்கெனவே 9 என்று போட்டு ஒதுக்கியவை. மதிய இடைவேளைகளில் எட்டு நாள் உட்கார்ந்து மறுபடி படித்தோம். நகைச்சுவையாக எழுதியவர்கள் நிறைய. ‘சார் பிடிக்கிறாரே, அவரைக் கேளுங்க.’ ‘இந்த ஃபார்மைப் பாத்ததும் ஆசை வந்திடுச்சு.’ அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுப்பாள். திடீரென்று சிரிப்பு நிற்கும்.

‘அண்ணன் வெளியூர் போயிட்டான். அவன் பெட்டியில மூணு மிச்சம் இருந்துச்சு.’

‘மாமா போனப்புறம் மொட்டை மாடிக்கு யாருமே போறதில்ல. நான் போனேன்.’

‘அம்மா பிடிப்பாங்க. இப்ப வேற வீட்ல இருக்காங்க.’

இவற்றையெல்லாம் நான் ஏற்கெனவே படித்தவள். படித்து, 9 போட்டு, தேநீர் குடித்தவள். எட்டு நாளில் பன்னிரண்டு கிடைத்தன. எட்டாம் எண்ணுக்கு ‘பிரிந்தவர் நினைவு’ என்று பெயர் வைத்தோம். அக்கா தன் கையாலேயே குறியீட்டுப் பட்டியலில் எழுதினாள்.

இயக்குநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். கெட்ட மனிதரில்லை. சிகரெட் வரியை உயர்த்தச் சொல்லி ஏழு வருடமாக அரசாங்கப் படிகளை ஏறி இறங்குகிறவர்.

“என்னம்மா இது, கவிதையா?”

“பன்னெண்டு பேர் எழுதியிருக்காங்க சார்.”

“நாலாயிரத்துல பன்னெண்டு. வரிக்குழு இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? நெனப்புக்கு வரி போடச் சொல்றதா?” சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “இந்த வருஷம் விலைக் கேள்விதான் முக்கியம். அதைத் தெளிவா எடுத்துக்கிட்டுப் போவோம். இது அடுத்த அறிக்கையில பாக்கலாம்.”

பன்னிரண்டும் மறுபடி ஒன்பதுக்குள் போயின. இந்த இடத்தில் இயக்குநரைக் கொஞ்சம் கொடூரமாக எழுதினால் கதை சூடு பிடிக்கும் என்று தோன்றியது. முயன்றேன். அவர் மேஜை இழுப்பறையில் இருக்கும் இருமல் மாத்திரை டப்பா ஞாபகம் வந்து தொலைத்தது. அவரும் ஒரு காலத்தில் பிடித்தவர்தான். விட்டுவிடுகிறேன்.

6

விலைக் கேள்வி என்றால் இருபத்திரண்டாவது கேள்வி. ‘ஒரு சிகரெட்டின் விலை எவ்வளவு உயர்ந்தால் வாங்குவதை நிறுத்துவீர்கள்?’ ஐந்து கட்டங்கள்: ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, இரண்டரை, மூன்று, எவ்வளவானாலும் நிறுத்த மாட்டேன்.

அவள் மகள் ‘இரண்டு மடங்கு’ கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். அம்மா போடுவது போலவே, நீளமான கொக்கியோடு.

டிக் அக்காவுக்கு அது போதும். மகளிடம் கேட்க முடியாது. கேட்டால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டிய வாக்கியம் தொண்டையில் நிற்கும். ஆனால் விலை பேசலாம். விலை விஷயத்தில் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. விலை கடைகடையாகப் போய்ச் சொல்லும்.

“ரெண்டு மடங்காச்சுன்னா விட்டுடுவா. அவளே எழுதிக் குடுத்திருக்கா.”

“அக்கா, எழுதறது ஒண்ணு, செய்யறது...”

“எம்பொண்ணு சொன்னா செய்வா.”

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் வேலை செய்த விதத்தை அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தோம். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். விலை இரட்டிப்பானால் பத்தில் ஆறு பிள்ளைகள் நிறுத்துவோம் என்று எழுதியிருந்தார்கள். பாக்கெட்டாக வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் ஒற்றையாக, கைச்செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்கள். அதனால் ஒற்றை விலை ஏறினால் முதலில் கையைக் கடிப்பது பிள்ளைகளுக்குத்தான். இதையெல்லாம் அவள் இரண்டு பக்கக் குறிப்பாக எழுதினாள். பன்னிரண்டு முறை திருத்தினாள். வகுப்புவாரியாகப் படம் போட்டாள். மதியச் சாப்பாட்டை மறந்தாள்.

வரிக்குழு முன்னால் பேச எங்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். இயக்குநருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அக்கா பேசினாள். நீண்ட மேஜை, குளிர்சாதனம், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நான் பின்வரிசையில் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நிமிடம் நன்றாகப் போனது. ஓர் உறுப்பினர் இடையில் கேட்டார். “ஏம்மா, இதெல்லாம் பசங்க பேப்பர்ல எழுதினது. விலை ஏத்தினா நிஜமா விட்டுடுவாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

“மத்த நாடுகள்ல விலை ஏத்தினப்ப பசங்க மத்தியில பழக்கம் கொறைஞ்சிருக்கு சார். இணைப்புல குடுத்திருக்கோம்.”

“இங்க?”

“இங்க இன்னும் ஏத்திப் பாக்கலையே சார்.”

சிலர் சிரித்தார்கள். இன்னொருவர், “புத்திமதி சொல்லலாமே. வீட்ல பெத்தவங்க எதுக்கு இருக்காங்க?” என்றார்.

அக்கா தாளைப் பார்த்தாள். அதற்குப் பதில் தாளில் இல்லை.

“வீட்ல இருக்கவங்களுக்குச் சில சமயம் பேச முடியாம போயிடுது சார்” என்றாள். “நீங்க பேசினா நல்லாருக்கும்.”

பிறகு நேரம் முடிந்தது என்றார்கள்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்து வைத்தவை:

அ) வரி உயர்கிறது. விலை இரண்டு மடங்காகிறது. மகள் கடைவாசலில் நிற்கிறாள், கையிலிருப்பதை எண்ணுகிறாள், திரும்பி நடக்கிறாள். மாடி ஜன்னலிலிருந்து அம்மா பார்க்கிறாள். இசை. (இதை எங்கள் துறை துண்டுப் பிரசுரமாக அச்சடிக்கும். நானே எழுதிக்கொடுப்பேன்.)

ஆ) அக்கா அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுகிறாள். (தப்பான டிக்கைக்கூட அழிக்காதவள். ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைப்பாள். கிழிக்க மாட்டாள்.)

இ) அக்கா வேலையை விட்டுவிட்டு மகளிடம் உண்மையைச் சொல்லி, இருவரும்

இல்லை. வேலையை விட்டால் வாடகையை யார் கொடுப்பது?

நடந்தது இது. ஒரு வியாழக்கிழமை மதியம் அறிவிப்பு வந்தது. வரி உயர்ந்தது. வரிக்குழு பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. புது விலை, பழையதைப் போல ஒன்றரை மடங்கு. இயக்குநர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கினார். நியாயம்தான். ஏழு வருடத்தில் இதுவே பெரிய உயர்வு. எங்கள் கணக்குப்படி நூறு பிள்ளைகளில் முப்பது பேர் விட்டுவிடக் கூடும். முப்பது வீடுகள்.

அக்காவும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். சாப்பிடாமல் தாளில் மடித்தபடி என் மேஜைக்கு வந்தாள்.

“ஒரு கட்டம் கொறைஞ்சு போச்சு” என்றாள்.

8

“நீதான் கதை எழுதற ஆளாச்சே. நாலு வரி எழுதிக் குடு. நான் அவகிட்ட பேசணும். ஃபார்மைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது.”

இருபது வருடமாக எழுதுகிறேன். நாலு வரி.

முதல் வரைவு: ‘கண்ணு, இது உடம்புக்கு எவ்வளவு கெடுதல்னு உனக்குத் தெரியும்...’

படித்தாள். “இது போஸ்டர்ல இருக்கு. அவ ஸ்கூல் சுவத்துல நாமதான் ஒட்டினோம்.”

இரண்டாம் வரைவு: ‘அப்பா ஞாபகம் எனக்கும் வருது. எனக்கும் அந்த வாசனை வேணும்னு இருக்கு. ஆனா நீ எனக்கு அதைவிட வேணும்.’

இதை அவள் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதைப் பாதி சொல்றதுக்குள்ள நான் அழுதுடுவேன். அவ எழுந்து வந்து எனக்கு ஆறுதல் சொல்லுவா. ரெண்டு வருஷமா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கா. அதோட பேச்சு முடிஞ்சிடும்.”

மூன்றாம் வரைவு: ‘அம்மா உன்கிட்ட ஒண்ணு

நான்காம் வரைவு: 

நான்காவதில் ஒன்றும் எழுதவில்லை. “சும்மா போய்ப் பக்கத்துல உக்காருங்கக்கா” என்றேன். எழுத்தாளராக எனக்கு இது தோல்வி. அவள் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, “அதுக்கு உன்னை எதுக்குக் கேக்கணும்” என்றாள். இந்த மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

9

சனிக்கிழமை மதியம் பேசியிருக்கிறாள். திங்கட்கிழமை என்னிடம் சொன்னது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை அப்படியே தருகிறேன். என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

மகள் தன் அறையில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். மகள் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குப் போனாள். ஒரு பக்கம் படித்து முடித்துத் திருப்பினாள்.

அப்போது அக்காவுக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. படிவத்தைப் படிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் எந்த வாக்கும் உடையாது.

“வீட்ல வாசனை வருது பாப்பா” என்றாள். “எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

மகள் புத்தகத்தை மூடவில்லை. தலையையும் தூக்கவில்லை. மறுப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அழுவாள் என்றும் காத்திருந்தாள். யார் சொன்னது என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் தயார் செய்து வைத்திருந்தாள். மகள் அவை எதையும் செய்யவில்லை. புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே கேட்டாள்:

“அப்பா சட்டையெல்லாம் ஏம்மா துவைச்சே?”

அக்காவுக்குப் புரியவில்லை.

“அப்பா செத்துப்போன அந்த வாரமே எல்லாத்தையும் ஊறப்போட்டே. பதினாலு சட்டை. கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணாச்சும் விட்டிருக்கலாம்ல?”

10

இதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இத்தோடு நிறுத்திக்கொண்டு, பெட்டியில் மிச்சமிருந்த படிவங்களை எடுக்கப் போய்விட்டாள். நான் கேட்கவில்லை. அந்தப் பெண் விட்டுவிட்டாளா என்றும் கேட்கவில்லை. இப்போதும் அதே மேஜையில்தான் அக்கா டிக் போடுகிறாள். அடுத்த ஆண்டு வரியை இன்னும் உயர்த்தக் கோரும் குறிப்பை ஆரம்பித்துவிட்டாள். ஒரு கட்டம்தானே பாக்கி என்கிறாள்.

பதிலை நானே எழுதிப் பார்த்தேன். கோபத்தில் துவைத்தாள் என்று எழுதினேன். அவரைக் கொன்ற வாடை வீட்டில் இருக்கக் கூடாது என்று. பொருந்தியது. துவைக்கும்போது கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் முகர்ந்தாள் என்று எழுதினேன். அதுவும் பொருந்தியது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு முன்னால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று எழுதினேன். அதுதான் உண்மையாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

‘சட்டையை ஏன் துவைத்தேன் என்றால்

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. உங்களிடம் தருகிறேன். தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். இப்போது தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் எழுந்து போய்விடுவாள்.

சொல்லுங்கள்.